ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மிகச் சிறந்தவர் யார்? மதுரை ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டிச் சுவர்தான் எங்கள் திரை. பழைய ஆட்டங்களையும் புதிய ஆட்டங்களையும் அதில் ஓடவிட்டுப் பார்ப்பதும், பார்த்து முடித்த பின் ஆண்களில் மிகச் சிறந்த ஃபிகர் ஸ்கேட்டர் யார் என்று இரவு வெகுநேரம் வாதிடுவதும் எங்கள் வழக்கம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பரதநாட்டிய ஆசிரியை, இன்னொருவர் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், மற்றவர்கள் கல்லூரி மாணவர்களும் என்னைப் போன்ற அலுவலக ஊழியர்களும். புதிதாக மாடியேறி வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வாதத்தில் எனக்கென்று ஒரு கட்சி உண்டு. அதை மறைக்காமலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பனிக்கட்டித் தளமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இந்த வாதம் எதற்கு?

அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் வாடிவாசலுக்குள் ஒருநாளும் இறங்காதவர்கள்தான் எந்தக் காளை நின்று விளையாடியது, எது ஓடிப் போனது என்று ஆண்டு முழுவதும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் பிழையும் அதிகம் இருப்பதில்லை. கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்ட கண்ணுக்கு, தான் செய்யாத வித்தையிலும் தரம் தெரியும். மதுரையில் பனிக்கட்டி ஆடுதளம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு மனித உடல் ஏறத்தாழ முக்கால் நொடி நேரம் காற்றில் நின்று, அதற்குள் நான்கு முறை சுழன்று, பின்னோக்கிச் சறுக்கியபடியே ஒற்றைக் காலில் இறங்குவதைக் கண்டு வியப்பதற்கு ஆடுதளம் அருகில் இருக்க வேண்டிய தேவையில்லை.

கேள்வி: இது பனிமலையில் கோல் ஊன்றிச் சறுக்கும் விளையாட்டுத்தானே?

இல்லை. தமிழில் இரண்டையும் பனிச்சறுக்கு என்றே எழுதிவிடுவதால் இந்தக் குழப்பம் வருகிறது. மலைச்சரிவில் நீண்ட பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவது ஸ்கீயிங். ஃபிகர் ஸ்கேட்டிங் என்பது அரங்குக்குள் உறைய வைத்த தளத்தின் மீது, எஃகுத் தகடு பொருத்திய காலணியுடன், இசைக்கு ஏற்ப ஆடுவது. அந்தத் தகட்டைக் கத்தி முனையாக எண்ணிக்கொள்வது தவறு. அதன் அடிப்பகுதியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. பள்ளத்தின் இரு கரைகளும் தனித்தனி விளிம்புகள். உடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த விளிம்பு பனியைக் கவ்வும். தகட்டின் முன்நுனியில் சில பற்கள் இருக்கும். சில தாவல்களில் அவற்றைக் குத்தித்தான் எம்புவார்கள்.

கரிமேடு மீன் சந்தையில் விடிகாலையில் ஐஸ் பாளத்தைத் தரையில் இழுத்துச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாளம் தட்டையாகக் கிடக்கும்போது எந்தப் பக்கமும் வழுக்கும். ஆனால் இழுப்பவரின் கையிலுள்ள கொக்கியின் நுனி சாய்ந்து கவ்வியவுடன் அது சொன்ன திசையில் வரும். வழுக்கலும் கவ்வலும் ஒரே சமயத்தில் நடப்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை. நல்ல ஸ்கேட்டர் தள்ளுவதாகவே தெரியாது. சாய்வார், வேகம் கூடும்.

கேள்வி: எல்லாத் தாவலும் ஒரே மாதிரி தெரிகின்றனவே, பிரித்தறிவது எப்படி?

இறங்குவது ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான்: பின்னோக்கியபடி, ஒற்றைக் காலின் வெளிவிளிம்பில். வேறுபாடு கிளம்புவதில் இருக்கிறது. டோ லூப், ஃபிளிப், லுட்ஸ் ஆகிய மூன்றும் நுனிப் பல்லைக் குத்தி எம்பும் தாவல்கள்; சால்கோ, லூப், ஆக்சல் ஆகியவை விளிம்பின் அழுத்தத்தால் மட்டுமே எழும்புபவை. ஆக்சலை முதலில் பழகிக்கொள்ளுங்கள்: அது ஒன்றில்தான் ஸ்கேட்டர் முன்னோக்கிக் கிளம்புகிறார். முன்னோக்கிக் கிளம்பிப் பின்னோக்கி இறங்குவதால் அரைச் சுற்று கூடிவிடும். மூன்று சுற்று ஆக்சல் என்பது உண்மையில் மூன்றரைச் சுற்று. 1882-ஆம் ஆண்டு வியன்னாவில் நார்வேக்காரரான ஆக்சல் பால்சன் செய்து காட்டியதால் அவர் பெயராலேயே நிலைத்துவிட்டது. லுட்ஸ் தாவலின் கடினம் வேறு வகை: உடல் ஒரு பக்கமாக வளைந்து சென்றுகொண்டிருக்க, சுழற்சியோ அதற்கு எதிர்ப்பக்கம். பலரும் கடைசிக் கணத்தில் விளிம்பை மாற்றிவிடுவார்கள். நடுவர்கள் அதைப் பிடித்துக் குறைப்பார்கள். இதை வெறும் கண்ணால் பார்க்கப் பழக எனக்கு ஓராண்டு ஆயிற்று.

கேள்வி: மிகச் சிறந்தவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

வாதம் முற்றுவது எப்போதும் இங்கேதான். உடற்கல்வி ஆசிரியர் மதிப்பெண்ணையும் வெற்றிகளையும் மட்டுமே எண்ணுவார். நடன ஆசிரியை, நிருத்தம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அபிநயம் இல்லையென்றால் எழுந்து போய்விடுவார். நான் கேட்கும் கேள்விகள் இரண்டு. முதலாவது, அந்த ஸ்கேட்டர் தம் காலத்து விதிகளுக்குள் நின்று, தம் காலத்தவர்களைவிட எவ்வளவு தூரம் முன்னே சென்றார் என்பது. 1948-இல் ஆடியவரை 2018-இன் தாவல்களைக் கொண்டு அளப்பது அநியாயம். இரண்டாவது, தாவலும் ஆட்டமும் ஒன்றாக இருந்தனவா, அல்லது ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தாவி, தாவிய பின் ஆட்டத்தைத் தொடர்ந்தாரா என்பது. இந்த இரண்டாவது கேள்விக்குத் தேறுபவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: பட்டங்களை எண்ணினால் சால்கோதானே முதலிடம்?

எண்ணிக்கையில் ஆம். ஸ்வீடனின் உல்ரிக் சால்கோ 1901 முதல் 1905 வரையும் 1907 முதல் 1911 வரையும் பத்து முறை உலகப் பட்டம் வென்றார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றபோது தங்கம் அவருக்கே, மற்ற இரண்டு பதக்கங்களும் அவர் நாட்டவருக்கே. அதே நாட்டின் கில்லிஸ் கிராஃப்ஸ்ட்ரோம் 1920, 1924, 1928 என மூன்று ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்றார். ஆண்கள் ஒற்றையரில் அந்த எண்ணிக்கையை எவரும் தொடவில்லை. ஆஸ்திரியாவின் கார்ல் ஷேஃபர் 1930 முதல் 1936 வரை ஏழு உலகப் பட்டங்களையும் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களையும் வைத்திருந்தார்.

அவர்கள் போட்டியிட்ட விளையாட்டு இன்று நாம் பார்ப்பதிலிருந்து பெரிதும் வேறுபட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் மதிப்பெண்ணில் பெரும்பங்கு ‘ஃபிகர்’ எனப்படும் கட்டாய வடிவங்களுக்கே இருந்தது. விளையாட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஒரு காலால் எட்டு போன்ற வடிவத்தைப் பனியின் மேல் கீறிவிட்டு, அதே கோட்டின் மீது மீண்டும் மீண்டும் சென்று, கோடு பிரியாமல் மூன்று முறை வரைய வேண்டும். ஸ்கேட்டர் விலகிய பின் நடுவர்கள் தளத்தில் இறங்கிக் குனிந்து, கோடுகள் எங்கே விலகின என்று பார்ப்பார்கள்.

மார்கழி விடியலில் வாசல் தெளித்து, கையில் மாவெடுத்துச் சிக்குக் கோலம் போடும் ஒரு பெண்ணைப் பாருங்கள். கை நிற்பதில்லை, கோடு தடிப்பதில்லை, தொடங்கிய புள்ளியிலேயே இழை வந்து சேர்கிறது. அதைக் காலால், வழுக்கும் தளத்தில், உடல் எடை முழுவதையும் ஒற்றை விளிம்பில் தாங்கிச் செய்வதாக எண்ணினால் அந்த வடிவங்களின் அருமை விளங்கும். இதைச் சொன்னபோது நடன ஆசிரியை, “தம்பி, அப்படியென்றால் சால்கோவைக் குறைத்துப் பேசாதே” என்றார். குறைக்கவில்லை. ஆனால் 1990-ஆம் ஆண்டுடன் கட்டாய வடிவங்கள் உலகப் போட்டிகளிலிருந்து நீங்கிவிட்டன. அவர்களுடைய ஆட்டத்தை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பும் நமக்கு இல்லை. பார்க்காத கச்சேரியை வரிசைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: டிக் பட்டனை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

தாவல் என்பது இந்த விளையாட்டின் உயிர்நாடியாக மாறியது அவரிடமிருந்துதான். 1948-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில், திறந்தவெளித் தளத்தில், 18 வயது அமெரிக்க இளைஞரான அவர் போட்டியில் முதன்முதலாக இரட்டை ஆக்சல் செய்தார். போட்டிக்குச் சில நாள்களுக்கு முன்பு பயிற்சியில்தான் அது அவருக்குக் கைகூடியிருந்தது. அதைச் செய்யாமலே வென்றிருக்கக்கூடியவர் துணிந்து அதை ஆட்டத்தில் வைத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஓஸ்லோவில் மூன்று சுற்று லூப் செய்தார். போட்டியில் மூன்று சுற்றுத் தாவல் செய்த முதல் மனிதர் அவர்தான். இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள், 1948 முதல் 1952 வரை தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்கள். பின்னர் பல பத்தாண்டுகள் தொலைக்காட்சி வருணனையாளராக இருந்து, ஒரு நாட்டு மக்களுக்கே இந்த ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 2025 ஜனவரியில் தமது 95-ஆவது வயதில் மறைந்தார்.

என் முதல் அளவுகோலில் பட்டனுக்கு இணை ஒருவரும் இல்லை. கைக்கு வந்த பட்டத்தைக் காப்பதைவிட இதுவரை எவரும் செய்யாததைச் செய்வது முக்கியம் என்று ஒலிம்பிக் தளத்திலேயே காட்டியவர் அவர். 66 ஆண்டுகள் கழித்து அவருடைய இரட்டைத் தங்கத்தை எட்டிப் பிடித்தவரும் அதே குணம் கொண்டவராக இருந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கேள்வி: கலை நயத்தில் யார்?

எங்கள் மாடியில் இந்தக் கேள்விக்கு நடன ஆசிரியை வைத்ததுதான் சட்டம்: 1976-இல் இன்ஸ்புருக் ஒலிம்பிக் தங்கம் வென்ற இங்கிலாந்தின் ஜான் கர்ரி. சிறுவயதில் பாலே கற்க விரும்பியவர். தந்தை நடனத்துக்கு இசையவில்லை, விளையாட்டு என்பதால் ஸ்கேட்டிங்குக்கு இசைந்தார். அந்த நிறைவேறாத ஆசை முழுவதும் அவர் கைகளில் தெரியும். விரல் நுனி வரை கவனம் நீளும். ஒரு வளைவு முடியும்போது அடுத்தது ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அதே ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற கனடாவின் டோலர் கிரான்ஸ்டன் இதற்கு நேர் எதிர்: முறிக்கும் கோணங்கள், நாடகத் தன்மை, பார்ப்பவரை விடாமல் பிடித்திழுக்கும் வேகம். கர்ரியை மிகச் சிறந்தவர் என்று யாரேனும் சொன்னால் நான் மறுத்து வாதிடுவதில்லை. அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவரைப் போல் நின்றவர் வரவில்லை.

கேள்வி: ஒலிம்பிக் தங்கம் இல்லாதவரை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும். கனடாவின் கர்ட் பிரவுனிங் 1988 மார்ச்சில் புடாபெஸ்டில் நான்கு சுற்று டோ லூப் செய்து, போட்டியில் அங்கீகரிக்கப்பட்ட முதல் நான்கு சுற்றுத் தாவலுக்கு உரியவரானார். நான்கு உலகப் பட்டங்கள் வென்றார். மூன்று ஒலிம்பிக்கில் ஆடியும் ஒரு பதக்கமும் இல்லை. அவருடைய பாத வேலையின் வேகத்தைப் பார்த்த எவரும் அந்த வெற்றிடத்தைக் காரணம் காட்டி அவரை ஒதுக்கமாட்டார்கள். அவருடைய நாட்டவரான பிரையன் ஆர்சர் 1984, 1988 இரண்டிலும் வெள்ளியோடு நின்றார். கால்கரியில் தம் பெயரையே கொண்ட அமெரிக்கரான பிரையன் பாய்ட்டானோவிடம் ஒன்பது நடுவர்களில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தோற்றார். ஒரே ஒரு நடுவரின் தீர்ப்பு. அந்த ஆர்சர்தான் பின்னாளில் பயிற்சியாளராகி ஜப்பானின் யுசுரு ஹன்யுவை இரண்டு ஒலிம்பிக் தங்கங்களுக்கு அழைத்துச் சென்றார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

ஜப்பானின் டைசுகே தகாஹாஷியையும் மறக்கக் கூடாது. 2010-இல் வான்கூவரில் வெண்கலமும் அதே ஆண்டு உலகப் பட்டமும் வென்று, ஆண்கள் ஒற்றையரில் இரண்டையும் ஆசியாவுக்கு முதலில் கொண்டுவந்தவர் அவர்.

கேள்வி: யாகுதினா, பிளுஷென்கோவா?

எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று மதுரையில் ஒரு தலைமுறையே பிரிந்து நின்றதைப் போல இவ்விருவருக்காகவும் ரசிகர்கள் பிரிந்து நின்றார்கள். அலெக்ஸி யாகுதின், எவ்கெனி பிளுஷென்கோ இருவரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அலெக்ஸி மிஷின் என்ற ஒரே ஆசானிடம் வளர்ந்தவர்கள். 1998-இல் யாகுதின் பிரிந்து தத்யானா தரசோவாவிடம் சென்றார். அதன்பின் நான்கு ஆண்டுகள் இருவருக்கும் நடந்த போட்டி இந்த விளையாட்டின் பொற்காலம் என்றே சொல்வேன். யாகுதினுக்கு நான்கு உலகப் பட்டங்கள், பிளுஷென்கோவுக்கு மூன்று. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் குறு நிகழ்ச்சியில் (போட்டியின் இரண்டு ஆட்டங்களில் முதலாவது, குறுகியது; இரண்டாவது நெடு நிகழ்ச்சி) பிளுஷென்கோ விழுந்து நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். யாகுதின் இரண்டு ஆட்டங்களிலும் பிசிறில்லாமல் ஆடித் தங்கத்தை எடுத்தார்.

நீண்ட காலம் நிலைத்து நின்றதில் பிளுஷென்கோவை மிஞ்ச முடியாது: 2002 வெள்ளி, 2006 தூரின் தங்கம், 2010 வெள்ளி, 2014 சோச்சியில் அணித் தங்கம் என நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கம். ஆயினும் ஒரே ஒரு மாலை, ஒரே ஒரு ஆட்டம் என்று கேட்டால் நான் யாகுதினின் சால்ட் லேக் ஆட்டத்தைத்தான் போடச் சொல்வேன். நான்கு சுற்றுத் தாவலில் இறங்கும் கால், தரையைத் தொட்ட கணத்திலேயே இசையின் அடுத்த தாளத்தில் நின்றுகொண்டிருக்கும்.

கேள்வி: 2010 வான்கூவர் தீர்ப்பு சரியா?

அமெரிக்காவின் எவன் லைசாசெக் நான்கு சுற்றுத் தாவல் ஒன்றுகூட இல்லாமல் 257.67 பெற்றுத் தங்கம் வென்றார். நான்கு சுற்றுத் தாவலைச் செய்து முடித்த பிளுஷென்கோ 256.36. நான்கு சுற்று இல்லாத வெற்றி ஆண்கள் போட்டிக்குப் பெருமை ஆகாது என்று பிளுஷென்கோ வெளிப்படையாகவே குறை கூறினார். அன்றிருந்த விதிப்படி தீர்ப்பு சரியானதே. லைசாசெக் தாவல்களைக் கால்கள் சோர்ந்திருக்கும் இரண்டாம் பாதியில் அதிகமாக வைத்தார். அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. விதி சரியா என்பது வேறு கேள்வி. விரைவிலேயே நான்கு சுற்றுத் தாவல்களின் அடிப்படை மதிப்பு உயர்த்தப்பட்டது.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

2004 வரை 6.0 என்பதே உச்ச மதிப்பெண். நுட்பத்துக்கு ஒன்று, வெளிப்பாட்டுக்கு ஒன்று. 2002 ஒலிம்பிக் இணையர் போட்டியில் நடுவர் ஒருவர் நெருக்குதலுக்கு ஆளானார் என்ற பெரும் சர்ச்சை எழுந்து, இரண்டாவதாக ஒரு தங்கமே வழங்க நேர்ந்ததால், அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு உண்டு: நான்கு சுற்று டோ லூப்புக்கு 9.5, நான்கு சுற்று ஆக்சலுக்கு 12.5. செய்த தரத்தைப் பொறுத்து ஒவ்வொரு நடுவரும் ஐந்து படிகள் வரை கூட்டவோ குறைக்கவோ செய்வார். ஒவ்வொரு படியும் அடிப்படையில் பத்து விழுக்காடு. இதற்கு மேல் ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண்கள். இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால் 2015-இன் மதிப்பெண்ணையும் 2022-இன் மதிப்பெண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பேசுவது பொருந்தாது.

கேள்வி: எண்களைப் பார்த்தால் நேதன் சென் அல்லவா முதலிடம்?

இது உடற்கல்வி ஆசிரியரின் கட்சி. அவர் வாதத்தை அவருக்குக் குறை வைக்காமல் சொல்கிறேன். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில், குறு நிகழ்ச்சியில் அமெரிக்கரான சென் 17-ஆம் இடத்துக்கு வீழ்ந்தார். மறுநாள் வந்து ஆறு நான்கு சுற்றுத் தாவல்களைச் செய்து, நெடு நிகழ்ச்சியில் எல்லோரையும்விட அதிகமாக 215.08 பெற்று ஐந்தாம் இடத்துக்கு ஏறினார். அதன்பின் மூன்றரை ஆண்டுகள் அவர் எந்தப் போட்டியிலும் தோற்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இதைச் செய்தார். 2019 உலகப் போட்டியில், ஜப்பானிய மண்ணில், ஹன்யுவை 20 புள்ளிகளுக்கு மேல் முந்தினார். 2022 பெய்ஜிங்கில் 332.60 பெற்றுத் தங்கம். மூன்று உலகப் பட்டங்கள். “நேருக்கு நேர் தோற்றவரை எப்படி மேலே வைப்பீர்கள்?” என்று அவர் கேட்கும்போது மாடியில் சில கணங்கள் அமைதி நிலவும்.

எதிராளிகளுக்கு எதிரான ஆட்டம் என்று மட்டும் கொண்டால் அவர் சொல்வதே சரி. 17-ஆம் இடத்திலிருந்து எழுந்த அந்தக் காலையை விழுந்த எவருக்கும் நான் போட்டுக் காட்டுவேன். ஆனாலும் சென்னின் ஆட்டத்தைப் பார்க்கும்போது தாவலுக்கு முந்தைய அந்த நீண்ட சறுக்கலில் என் கண் நிற்கிறது. இதோ தாவப் போகிறார் என்று தெரிந்துவிடுகிறது. அவருடைய கடைசிப் பருவங்களில் அது வெகுவாகக் குறைந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படியானால் உங்கள் விடை?

யுசுரு ஹன்யு. ஜப்பானின் செண்டாய் நகரில் 1994-இல் பிறந்தவர். சிறுவயது முதலே ஆஸ்துமா உள்ளவர். 2011 மார்ச் 11 அன்று பெருநிலநடுக்கம் வந்தபோது அவர் செண்டாய் ஆடுதளத்தில் பயிற்சியில் இருந்தார். ஸ்கேட் காலணிகளோடே வெளியே ஓடினார். குடும்பத்துடன் நிவாரண முகாமில் தங்கினார். மூன்றே ஆண்டுகளில், 2014 சோச்சியில், ஆண்கள் ஒற்றையரில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆசியர் ஆனார். அந்த வெற்றி ஆட்டத்தில் அவர் இரண்டு முறை விழுந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2015-இல் மொத்தப் புள்ளி 300-ஐத் தாண்டிய முதல் ஸ்கேட்டர் அவர். நான்கு சுற்று லூப்பைப் போட்டியில் முதலில் செய்ததும் அவரே, 2016-இல்.

ஆனால் நான் அவர் பக்கம் நிற்பதற்குக் காரணம் இந்தப் பட்டியல் அன்று. அவருடைய மூன்று சுற்று ஆக்சல் ஒன்றைக் கைப்பேசியில் கால்பங்கு வேகத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆக்சலுக்கு முன் பெரும்பாலானோர் பின்னோக்கி நீளமாகச் சறுக்கி, தோளைச் சரிசெய்து, மூச்சை இழுத்து, திரும்பி, பிறகே எம்புவார்கள். ஹன்யு பின்னோக்கி வருகிறார். அரைவட்டத் திருப்பம் ஒன்று. திருப்பத்தின் வால் முடிவதற்குள் காற்றில் இருக்கிறார். இறங்கியதும் கால் ஓய்வதில்லை, அதே வேகத்தில் ஒற்றைக் காலில் சுழன்றபடி நகர்கிறார். முன்னால் தையல் இல்லை, பின்னால் தையல் இல்லை. நாதஸ்வர வித்துவான் ஒருவர் ஆலாபனையில் மூச்சு எங்கே எடுத்தார் என்று தெரியாமல் வாசிப்பதைப் போல. இதைப் பார்த்த பிறகு நடன ஆசிரியையும், “அடவுக்குள் அபிநயம் இருக்கிறது” என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்தது பியாங்சாங். 2017 நவம்பரில் பயிற்சியில் நான்கு சுற்று லுட்ஸில் விழுந்து வலது கணுக்கால் காயம். தாவல்களில் இறங்கும் கால் அதுவே. ஒலிம்பிக் வரை வேறு எந்தப் போட்டியிலும் அவர் ஆடவில்லை. 2018 பிப்ரவரியில் வந்தார். குறு நிகழ்ச்சியில் 111.68, மொத்தம் 317.85. டிக் பட்டனுக்குப் பின் தொடர்ந்து இரண்டு தங்கம் வென்ற முதல் ஆண் ஸ்கேட்டர். அன்று சனிக்கிழமை, காலை உணவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் அம்மா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். கடைசி லுட்ஸில் உடல் முன்னால் சாய்ந்து விழப்போக, அவர் முழங்காலை மடக்கித் தாங்கி எழுந்தபோது, விளையாட்டின் விதி ஒன்றும் அறியாத அம்மா, “பிள்ளை விழலைப்பா” என்றார்கள்.

பட்டனோடு அவரைச் சேர்ப்பது பெய்ஜிங். 2022-இல் குறு நிகழ்ச்சியில் பனியிலிருந்த ஒரு குழியில் தகடு சிக்கி எட்டாம் இடத்தில் இருந்தார். பாதுகாப்பான ஆட்டத்தால் பதக்கத்துக்கு முயன்றிருக்கலாம். அவரோ எவரும் செய்திராத நான்கு சுற்று ஆக்சலை முதல் தாவலாக வைத்தார். சுற்று முழுமையாகவில்லை, விழுந்தார், நான்காம் இடத்தில் முடித்தார்.

கேள்வி: 2014-இல் ஹன்யு தலையில் கட்டோடு ஆடியது வீரம்தானே?

ஷாங்காயில் வெள்ளோட்டத்தின்போது சீனாவின் ஹான் யானுடன் மோதிக் காயமடைந்து, தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடி, ஐந்து முறை விழுந்தும் இரண்டாம் இடம் பெற்றார். அந்த ஆட்டத்தை எங்கள் மாடியில் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் மன உறுதியில் எனக்கு ஐயமில்லை. தலையில் அடிபட்ட 19 வயது இளைஞரைத் தளத்தில் இறங்கவிட்டிருக்கக் கூடாது. அதைக் கைதட்டிப் பார்க்கும் சிறுவர்கள் தங்கள் பள்ளி மைதானத்திலும் அதையே செய்வார்கள்.

கேள்வி: இலியா மாலினினை ஏன் வரிசையில் வைக்கவில்லை?

அவர் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர். 2022 செப்டம்பரில், 17 வயதில், லேக் பிளாசிடில் நான்கு சுற்று ஆக்சலை முதன்முதலாக முழுமையாகச் செய்தார். 2024, 2025 உலகப் பட்டங்கள் அவருடையவை. தாவலில் அவருக்கு நிகர் வரலாற்றில் இல்லை. பெய்ஜிங்கில் ஹன்யு செய்த முயற்சி தமக்குத் தூண்டுதலாக இருந்ததாக அவரே கூறியிருக்கிறார்.

கேள்வி: மதுரைப் பிள்ளைகள் இதைக் கற்க வழி உண்டா?

சக்கரம் பொருத்திய ரோலர் ஸ்கேட்டிங்கில் தொடங்கலாம். சமநிலையும் விளிம்புச் சாய்வும் ஓரளவுக்கு அதிலேயே பழகும். முழு அளவுப் பனிக்கட்டித் தளத்துக்கு வடக்கேதான் செல்ல வேண்டும். சிம்லாவில் நூறாண்டுக்கும் மேலாக இயற்கைப் பனித் தளம் இருக்கிறது, ஆனால் குளிர்கால இரவுகளின் தயவில்தான் அது உறையும். டேராடூனில் 2011-இல் உள்ளரங்கத் தளம் கட்டப்பட்டது. மதுரையிலிருந்து ஒரு குடும்பம் இதற்குச் செலவழிக்க வேண்டிய பணமும் காலமும் அதிகம். தென்னாட்டில் ஒரு முழு அளவுத் தளம் வர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர் எதிலிருந்து தொடங்குவது?

ஹன்யுவின் 2018 பியாங்சாங் குறு நிகழ்ச்சியிலிருந்து. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாதங்களை மட்டும் பாருங்கள். எந்த விளிம்பில் சாய்கிறார் என்று கவனியுங்கள். இரண்டாம் முறை பியானோவைக் கேட்டபடி கைகளைப் பாருங்கள். மறுநாள் ஆடிய நெடு நிகழ்ச்சியைப் பார்க்கும்போது இசை நின்றதும் அணைத்துவிடாதீர்கள். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து தம் வலது கணுக்காலைக் கையால் தொடுவார்.